பெட்டி சல்லியில், திரை டவுனில்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில், ஆறு பெண்கள் சுற்றியிருந்து ஒரே சஹனில், அந்தப் பெரிய தாம்பாளத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு இடப்பக்கம் இருந்த உம்மு குல்சும் சொன்னது. நான் இறைச்சித் துண்டுகளில் கவனமாக இருந்ததால் பாதியைத்தான் கேட்டேன். மீதிப் பாதியை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது பிடிபடவில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அன்று கடல்" — வெட்டிவிட்டேன். திருகோணமலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் கடலில்தான் தொடங்குகிறார்கள். கடலுக்கே அலுத்திருக்கும்.

"போரின் கொடிய கரங்கள் அந்த அப்பாவி மனிதர்களை" — இதை முடித்திருந்தால் ஏதாவது ஒரு பரிசு கிடைத்திருக்கும். வெட்டிய கை இன்னும் வலிக்கிறது.

"அந்தக் கணினிக்குத் திரை இல்லை." இது நிற்கட்டும்.

2.

அந்தக் கணினிக்குத் திரை இல்லை. விசைப்பலகையும் இல்லை. பிஸ்கட் டின் அளவில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி; மேலே ஒரு அன்ரெனா. 2007இல், திருகோணமலை டவுனுக்கு வடக்கே, சல்லி என்ற கிராமத்துக் கரையில், மீனவர் சங்கக் கட்டிடத்தின் பின்சுவரில் அதைப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில், அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கடலுக்குள் இறக்கிய ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஒரு மிதவை. கடல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். பெட்டி அதை எண்ணாக எழுதிவைக்கும். சுனாமி வந்து போனபின், இனிமேல் வந்தால் முன்கூட்டியே தெரியவேண்டும் என்று ஒரு நிவாரண நிறுவனம் கொடுத்தது. (நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடித உறையில் நான்கு வண்ணத்தில் சின்னம் போட்ட நிறுவனம் என்றால் போதும். அப்போது ஊரில் அப்படி நாற்பது இருந்தன.)

அந்த நிறுவனத்தின் டவுன் அலுவலகத்தில்தான் குல்சும் வேலை செய்தாள். முப்பத்தொரு வயது. ஒவ்வொரு காலையும் கிண்ணியாவிலிருந்து படகுப்பாதையில் ஏறி அக்கரையில் இறங்கி, இரண்டு சோதனைச் சாவடிகளில் கைப்பையைக் கொட்டிக் காட்டி, எட்டரைக்குத் தன் மேசைமுன் கதிரையில் வந்து இருப்பாள். சல்லிப் பெட்டியோடு அவள் பேசியது ரேடியோ இணைப்பு வழியாக. தன் கணினியில் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து கட்டளையை எழுத்தாக அடித்தால், பெட்டி எழுத்தாகப் பதில் சொல்லும். சண்டை இல்லாத, சத்தம் இல்லாத உறவு. கலியாணமான பெண்கள் பொறாமைப்படுவார்கள் என்று சஹனில் ஒருத்தி சொன்னாள்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டது செல்லத்தம்பி. மீன்பிடிக்கப் போகத் தடை, போனாலும் நேரக்கட்டுப்பாடு என்று ஆனபிறகு, ஐம்பது வயதில் ஒரு பெட்டிக்குக் காவலரானவர். உப்பைத் துடைப்பார், பற்றறி மாற்றுவார். தொலைபேசி வேலைசெய்கிற நாட்களில் அவளைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, பெட்டிக்க ஒரு பல்லி போயிருக்கு. எடுக்கவோ, விடவோ?"

"எடுங்க அண்ணன். மெதுவா."

"அது குட்டியோட கிடக்கு."

"அப்ப விடுங்க."

இவரை நான் முதலில் கோபக்காரராக எழுதியிருந்தேன். பல்லியைக் கேட்டபின் மாற்றவேண்டியதாயிற்று.

3.

இனிமேல்தான் கொஞ்சம் தொழில்நுட்பம் வருகிறது. பயப்படாதீர்கள், எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

திட்டப் பொறுப்பாளர் ஸெய்னுதீன் ஒரு திங்கட்கிழமை குல்சுமின் மேசைக்கு வந்தார். அடுத்த வாரம் பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம்.

"இந்தக் கறுப்பில எழுத்து ஓடுறதையா அவங்களுக்குக் காட்டுற? படம் வேணும். அலை ஆடோணும்."

"சேர், எண்ணுல எல்லாம் வருதே. படம் என்னத்துக்கு?"

"எண்ணை ஆர் பாக்கிற? சல்லிக் கடல் இஞ்ச, இந்தத் திரையில ஆடோணும்."

ஆக, வரைபடம் போடுகிற ஒரு செயலி பெட்டிக்குள் ஓடவேண்டும். அதன் சாளரம் மட்டும் டவுனில் திறக்கவேண்டும். சமையல் சல்லிக் குசினியில், சாப்பாட்டு மேசை டவுனில் என்பதுபோல. செய்யக்கூடியதுதான். குல்சும் செய்தாள். பெட்டி பதில் சொன்னது: திரையைத் திறக்க ஏலாது.

செவ்வாயும் அதுதான் சொன்னது. புதனும். வெள்ளிக்கிழமை அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தபோது, ஸெய்னுதீன் தைரியம் சொன்னார்: "சரிவராட்டி ஒரு வீடியோப் படமாச்சும் போட்டுக் காட்டுவோம். அலை எல்லாம் ஒரே மாதிரித்தானே."

4.

சனிக்கிழமை அரைநாள் வேலை. காலை பத்து மணிக்குச் செல்லத்தம்பியின் மனைவி ராசமலர் அலுவலகத்துக்கு வந்தாள். சல்லியிலிருந்து சைக்கிளில்.

"தங்கச்சி, இவரைக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

விடியக் காலையில் இராணுவம் கிராமத்தைச் சுற்றி வளைத்துத் தேடியிருக்கிறது. பெட்டி அகப்பட்டது. செல்லத்தம்பி அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கொழும்பில் முத்திரை குத்திய, மூன்று மொழியில் எழுதிய, குறையே சொல்லமுடியாத கடிதம். அதில் "கணினி 1, திரை 1" என்று இருந்தது.

கணினி இருந்தது. திரை இல்லை.

"திரையை ஆருக்குக் குடுத்தனி எண்டு கேட்டாங்கள். டவுனில கிடக்கு எண்டு சொன்னவர். டவுனில ஆரிட்ட எண்டு கேட்டாங்கள். அதுக்கு வாயே திறக்கேல்ல."

"என்ட பேரைச் சொல்லியிருக்கலாமே?"

ராசமலர் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். "பொம்பிளைப் பிள்ளை, பேரைக் குடுத்தா அலைக்கழிப்பாங்கள் எண்டு, போகேக்க என்ர காதுக்க சொல்லிப்போட்டுப் போனவர். நான்தான் கேக்காம வந்தனான்."

(இந்த இடத்தில் கதைக்குள் கண்ணீர் வரவேண்டும் என்று என் தோழி ஒருத்தி கருத்துச் சொன்னாள். வரவில்லை. குல்சும் தன் கைப்பையைத் தேடினாள்.)

ஸெய்னுதீன் உடனடியாக நடவடிக்கை எடுத்தார்: கொழும்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். திங்கட்கிழமைவரை பொறுக்கச் சொன்னார். "நாம இதுல நேரே தலையிடுறது நல்லமில்ல, குல்சும். நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு."

"செல்லத்தம்பி அண்ணன் திங்கக்கிழமை மட்டும் பொறுப்பாராமா, சேர்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

குல்சும் ராசமலரோடு ஓட்டோவில் ஏறினாள். முகாம் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றபின் ஒரு அதிகாரி வந்தார். பெயர்ப்பட்டி அணிந்திருந்தார், நான் வாசிக்கவில்லை.

"திரை என்னிடம்தான் இருக்கிறது" என்றாள் அவள். அடையாள அட்டையையும் நீட்டினாள்.

(இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். நான் தமிழில் தருகிறேன். ஆகவே அந்த அதிகாரி இனிமேல் பள்ளிக்கூட ஆசிரியரைப்போலத் திருத்தமான தமிழ் பேசுவார். மன்னியுங்கள்.)

"பெட்டி கரையில், திரை டவுனிலா? ஏன்?"

"அப்படித்தான் வேலை செய்யும்."

"காட்டமுடியுமா?"

ஐந்து நாட்களாகத் திறக்காத சாளரம். "முடியும்" என்றாள்.

"இரண்டு மணிக்கு வருகிறேன்."

5.

அவள் கதிரையில் வந்து இருந்தபோது பன்னிரண்டு மணி. பயந்தால் சில பேருக்கு மூளை ஓடாது. குல்சுமுக்கு அன்றுதான் ஓடியது. ஐந்து நாளும் அவள் வரைபடச் செயலியையே நோண்டிக்கொண்டிருந்தாள். பெட்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்கவேயில்லை. கேட்டாள். பெட்டி முழுதாக நிரம்பியிருந்தது. திரையைத் திறப்பதற்கான அனுமதிச் சீட்டு ஒன்றை எழுதிவைக்கக்கூட அதற்கு ஒரு வரி இடம் இல்லை.

நிரப்பியிருந்தது கடல். எட்டு மாதமாக வினாடிக்கு ஒருதடவை எழுதிய ஏற்ற இறக்கம். கொழும்புக்கு அனுப்ப வேண்டியது. அனுப்பவா என்று கொழும்பிடம் ஏற்கெனவே மூன்றுதரம் கேட்டிருந்தாள். வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. பிரதியெடுக்க ரேடியோவின் வேகத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். அவளிடம் இருந்தது இரண்டு மணித்தியாலம்.

அழித்தாள். கடலைப் படமாகக் காட்டுவதற்காக எட்டு மாதக் கடலை ஒரே வரியில் அழித்தாள். உண்மையாகவே அழிக்கவா என்று பெட்டி ஒருதரம் கேட்டதாக அவள் சொல்லவில்லை, நான் எழுதிக்கொள்கிறேன்.

சாளரம் திறந்தது.

பெட்டியில் எழுத்துரு இல்லாததால், எழுத்துகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். நடுவில் ஒரு நீலக்கோடு மெல்ல நெளிந்தது. சல்லிக் கடல்.

இரண்டு மணிக்கு அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். ஸெய்னுதீன் குளிர்பானம் வாங்கி வைத்திருந்தார். அதிகாரி அதைத் தொடவில்லை. குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது. இது அங்கிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன சாட்சி? ஒரு வீடியோவாகவும் இருக்கலாம்."

ஸெய்னுதீன் இருமினார்.

"செல்லத்தம்பியைப் பெட்டியடிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்" என்றாள் குல்சும். "குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றட்டும்."

அதிகாரி வோக்கிடோக்கியில் பேசினார். இருபது நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கரகரப்பாக ஒரு குரல்: ஊற்றியாயிற்று.

கோடு அசையவில்லை.

நெளிந்தது, அவ்வளவுதான், எப்போதும்போல. ரேடியோ மெதுவானது, படம் வந்துசேரப் பதினொரு வினாடி ஆகும் என்று குல்சுமுக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. சொன்னால் சாக்குப்போலிருக்கும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒரு சிப்பாய் கதவடிக்குப் போய் நின்றான். ஏழு. எட்டு. குழாயின் அடியில் ஓட்டை பெரிதாகி, தண்ணீர் உடனே வடிந்திருந்தால்? ஒன்பது. செல்லத்தம்பி வேறு எங்காவது ஊற்றியிருந்தால்? பத்து.

கோடு துள்ளி மேலே ஏறி, ஒரு கூம்புபோல நின்று, மெல்ல இறங்கியது.

ஸெய்னுதீன் தன்னை மறந்து கைதட்டினார். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

அதிகாரி சிரித்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்ட சிரிப்பு என்று குல்சும் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தார்.

"இப்போது விளங்குகிறது. அங்கே அந்தப் பெட்டிக்குள் ஓடுகிறது. ஆனால் ஓடச் சொன்னது நீங்கள்."

"ஆம்."

"கம்பி கூட இல்லை."

"இல்லை."

"அப்படியென்றால்" என்றார், பாடம் விளங்கிய மாணவனைப்போல, "இங்கே ஒரு கதிரையில் இருந்துகொண்டு, அங்கே கரையில் இருக்கிற ஒரு பெட்டியை நீங்கள் நினைத்த நேரத்தில் இயக்கலாம்?"

பெட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கு அவள் கொண்டுவந்த சாட்சி அதுதான். பயப்படவேண்டும் என்பதற்கும் அதே சாட்சி போதும். அந்த வருடங்களில், தூரத்திலிருந்து இயக்குகிற பெட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான்: குண்டு.

6.

இங்கேதான் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, சஹனைச் சுற்றியிருந்த எல்லாரும் எழுந்தோம். ஆகவே முடிவை நான்தான் செய்யவேண்டும். முயன்றேன்.

முடிவு ஒன்று: குல்சும் "இல்லை" என்கிறாள். கண்முன்னே பார்த்தவரிடம் இல்லை என்பது. செல்லத்தம்பியும் பொய், கடிதமும் பொய் என்று ஆகிவிடும். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு ஆட்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அடுத்த வாரம் வரவேண்டியவர்கள். திட்டமிட்ட நாளுக்கு முன்னால் அவர்கள் எங்கும் போனதாகச் சரித்திரம் இல்லை. அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: "ஆம்" என்கிறாள். அவளுடைய நேர்மையைக் கண்டு அதிகாரி உருகி

மன்னிக்கவும். இதை நானே முடிக்கமாட்டேன்.

முடிவு நான்கு: "ஆம்" என்கிறாள். அதிகாரி குறித்துக்கொள்கிறார். இது மிகவும் நடக்கக்கூடியது. அதனால்தான் என்னால் எழுத ஏலாமல் இருக்கிறது.

7.

எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று மீதம் உண்டு. எழுந்து கைகழுவப் போகும்போது குல்சும் சொன்னது.

அதிகாரி கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தபோது, மேசையில் கிடந்த வோக்கிடோக்கி கரகரத்தது. யாருடைய கையிலிருந்தோ வாங்கி, யாரும் சொல்லாமலே, செல்லத்தம்பி பேசினார்.

"பிள்ளை, அலை வந்ததோ? காணாட்டிச் சொல்லு, இன்னொரு வாளி ஊத்துறன்."

அதிகாரி அதை எடுத்து அவளிடம் நீட்டினார். எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்றும் காட்டினார். குல்சும் அழுத்தினாள்.

"வந்திட்டு அண்ணன். காணும், போதும். வாளியை வையுங்க."

பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுக்க மறந்தாளா, எடுக்காமல் விட்டாளா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் அவள் சொல்லப்போவது எதிரே இருப்பவருக்கும் கேட்கும், சல்லிக் கரையில் நிற்பவருக்கும் கேட்கும்.

அதிகாரி இன்னும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்வி உங்களுக்கும் தெரியும். இயக்கலாமா, இல்லையா?

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்; ஆனால் அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி.