நாலு தறிக்காரன் மூச்சு எண்ணின கதை

1

இந்தக் கதை எங்க தறிப்பட்டறை டீக்கடையில பொறந்துச்சுங்க. "தறி ஓட்டறவன் குடிய உட்டுட்டான்னு கதை எழுதினீன்னா எவன்டா நம்புவான்?"னு கூடத் தறி ஓட்டற மதியழகன் சிரிச்சான். அவன் சிரிச்சதுக்காவே எழுதறேன்.

2

பள்ளிபாளையத்துல சென்னிமலைன்னு ஒருத்தன். சாயங்காலம் ஆறு மணியானா அவன் கையி ரெண்டும்...

(வேண்டாம். கை நடுங்கறத எல்லாரும் எழுதிப்புட்டாங்க.)

ஆறு மணியானா அவனுக்கு நாக்கு ஊறும். அவ்வளவுதான். "இன்னொருக்கா குடிச்சா புள்ளையக் கூட்டிக்கிட்டு நாமகிரிப்பேட்டை அம்மா வீட்டுக்கே போயிருவேன்"னு பொண்டாட்டி தனப்பிரியா சொல்லிட்டா. அவ சொன்னா செய்வா.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. "ஆசை வந்தா அஞ்சு எண்ணி மூச்ச இழுங்க, அஞ்சு எண்ணி உடுங்க. பத்து நிமிசம். அந்த வேகம் எறங்கீரும்."

3

மொத நாளே தப்புப் பண்ணிட்டான். எண்ணறதுக்குத் தறிச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டான். அவன் பாக்கறது நாலு தறி. நாலும் சேந்து அடிச்சா அஞ்சு எண்ணி முடிக்க ஒரு நொடிகூட ஆவாது. நாயாட்டம் மூச்சு வாங்கி, தலை சுத்தி, கீழ உழுந்துட்டான்.

"வேலை நேரத்துலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்டா!"ன்னு மதியழகன் கத்தினான்.

அதே பட்டறையில தறிக்கு நூல் தார் சுத்தற தனப்பிரியா ஓடியாந்தா. "ஏனுங்க, வாய ஊதுங்க."

எல்லாரும் பாக்க ஊதினான். அவ மோந்து பாத்தா. "டீ வாசந்தான் வருது"ன்னுட்டு திரும்பினா. "மதியண்ணா, இப்ப நீங்க ஊதுங்க பாக்கலாம்."

மதியழகனுக்குத் திடீர்னு தறி ஞாபகம் வந்துருச்சு.

(சென்னிமலை யாருன்னா, நாந்தான். ஊரு முன்னால வாய ஊதினவனுக்கு இனி என்ன வெக்கம்?)

4

முடிவு ரெண்டு எழுதிப் பாத்தேன்.

ஒண்ணு: சென்னிமலை மறுபடியும் குடிக்கறான். மதியழகனுக்குப் புடிக்கும். கிழிச்சுட்டேன்.

இன்னொண்ணு: மேடையேறி ஊருக்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கறான். பொய்யி. அதையும் கிழிச்சுட்டேன்.

நெசம் என்னன்னா, இப்ப ஆறு மணி. ஆத்தோரம் வண்டி மேல உக்காந்து செல்லுல இத அடிச்சுக்கிட்டு இருக்கேன். இங்க தறிச் சத்தம் இல்ல. எதுத்தாப்புல பிராந்திக் கடை தொறந்திருக்குது. நாக்கு ஊறுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

நாளைக்கு என்ன ஆவும்னு எனக்கே தெரியாது. அத எழுதவும் மாட்டேன். இந்தப் பத்து நிமிசம் என்னோடது, எவனும் புடுங்க முடியாது.

செல்ல சட்டைப் பையில போட்டுட்டு எண்ணப் போறேன். முடிவு தெரிஞ்சே ஆவணும்னா வாங்க, பின்னாடி சீட்டு காலியாத்தான் இருக்குது. நீங்களும் எண்ணுங்க.