தெர்மாகோல் வெளிச்சம்

"நாலு விரலு போச்சுன்னு இந்தக் குதி குதிக்கிறியேக்கா! முழு ஆளையா வெட்டிட்டோம்?"

"முழு ஆளா நான் எந்தப் படத்துலடா இருந்தேன், வெட்டுறதுக்கு?"

பேச்சு வாசலைத் தாண்டிவிட்டது. எதிர் மாடியில் துணி எடுக்க வந்தவர்கள், காய்ந்த துணியையே உதறி மறுபடி காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் மீட்டர்காரருக்கு நினைவுப் பிரார்த்தனை. குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம் வீடு வீடாக மீட்டர் படித்தவர். மகன் அச்சடித்துக் கொண்டுவந்திருந்த நினைவு மலரின் அட்டையில் குடும்பப் படம். நடுவில் அவர், ஒரு பக்கம் முன்பே போய்ச் சேர்ந்த மனைவி, மறு பக்கம் மகனும் சின்ன மகளும். 'இறையன்பர், ஒளிப்படக் கலைஞர், தம் பிள்ளைகளுடன்' என்று கீழே கொட்டை எழுத்தில் வரி. மூத்த மகள் இல்லை. பழைய படத்தின் இடது ஓரத்தில் அவளுடைய நான்கு விரல்களாவது இருந்தன. "ஓரத்துல என்னமோ நீட்டிக்கிட்டிருக்கு, எடுத்துடவா?" என்று அச்சகக்காரர் கேட்க, தம்பி தலையாட்டியிருக்கிறான்.

மீட்டர்காரரின் பக்தி ஊருக்கே கேட்கும் பக்தி. மூன்றாம் வீட்டு மருமகளுக்குப் பொறுமை, மாடி வீட்டுக்காரருக்குக் குடியிலிருந்து விடுதலை என்று விடியற்காலையில் ஆள் குறிப்பிட்டு உரக்க வேண்டுவார். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது பால் வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பக்தி போக மிச்ச நேரமெல்லாம் கேமரா. ஞாயிறு தவறினாலும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் படம் தவறாது.

ஏதோ ஸ்டுடியோவில் பார்த்துவிட்டு வந்து, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் பலகை வாங்கினார். அதைப் பிடிப்பது மூத்தவள் வேலை. "சின்னதுங்க கை ஆடும்மா. உன் கை மாதிரி வருமா?" என்பார். டைமரை முடுக்கிவிட்டு ஓடிவந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். பலகையைப் போட்டுவிட்டு அவள் ஓடி வர முடியுமா? பத்து வயதில் பிடிக்கத் தொடங்கியவள், அவர் படுக்கையில் விழும்வரை பிடித்தாள். பதினொரு ஆல்பம் சேர்ந்தது. கல்யாணப் பேச்சு வந்து படம் கேட்டபோதும், "அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துடலாம்மா" என்றார். கேட்டவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதே கை ஏழு வருடம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது.

"மறுபடி அடிச்சுக் கொண்டா. விரலோட."

"ஐந்நூறு பிரதி அடிச்சாச்சுக்கா! உன் தனிப் படம் ஒண்ணு குடுத்திருந்தா உள்ள போட்டிருப்பேன்ல?"

"அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. திருடி மாதிரி. அதுல அப்பா இல்லையே?"

"அப்பா உனக்காக டெய்லி வேண்டிக்கிட்டாரு. அதை நெனச்சுப் பாரு."

"வேண்டிக்கிட்டாரு. என் கை ஆடக் கூடாதுன்னு."

சின்னவள் குறுக்கே வந்தாள். "நாளைக்கு நாலு பேரு வர்ற நேரத்துல மானத்தை வாங்காதக்கா. செத்தவரு மனசு நோகும்."

மூத்தவள் மலரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பிரார்த்தனைக் கூடத்தில் எள் போட இடமில்லை. வீட்டு விஷயம் நாறிப்போனவர்களும் வந்திருந்தார்கள். கூடத்துப் பெரியவர் மலரை உயர்த்திக் காட்டினார். "இவர் முகத்தைப் பாருங்க. என்ன ஒளி! இது மனுஷன் கொடுக்கிற வெளிச்சமா? அருள்!"

"அது தெர்மாகோல்."

மூத்தவள் மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். கத்தவில்லை. விலை சொல்வதுபோல் சொன்னாள். "ரெண்டு ரூபா பலகை. நான்தான் பிடிச்சேன்."

யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். தம்பி கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பிறகு தம்பி, அப்பாவின் வீட்டை விற்று, பதினொரு ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு மாமனார் ஊரோடு போய்விட்டான். சின்னவள் அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். மனைவியை இழந்த அச்சகக்காரர், வெட்டாத பழைய படத்தைக் கொடுக்க வந்தவர், வாரா வாரம் வர ஆரம்பித்தார். நாற்பத்தாறு வயதில் அவரையே பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள். வெட்டினவன்தான் கிடைத்தானா என்று தெரு கேட்டது. கூடப் பிறந்தவர்கள் வரவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது:

"கையைக் கீழ இறக்குங்கம்மா."