ஐந்து வெற்றுக்குச்சிகள்

நவம்பர் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. வானம் காலை முதலே மூடிக்கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. காற்று அசையாமையால், மருத்துவமனை வாசலில் நின்ற வாடகை வண்டிகளின் புகை கலைய வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை அந்த ஆய்வுக்கூடத்தில் வெற்றுக்குச்சிகளின் நாள். வெற்றுக்குச்சி என்பது யாதெனில், எவருடைய தொண்டையையும் தொடாத குச்சி. நிமோனியாவோடு வந்து படுப்பவரின் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டெடுத்தால், அதில் எந்த வைரஸ் இருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லும். அந்த இயந்திரத்தை நம்புவதற்கும் ஒரு சாட்சி வேண்டுமல்லவா? ஆகையால் ஞாயிறும் வியாழனும் நீங்கலாக நாள்தோறும் வார்டில், கட்டிலருகே நின்று, ஒரு குச்சியை உறையிலிருந்து உருவி, பத்து நொடி காற்றில் பிடித்து, ஒருவரையும் தொடாமல் குப்பியிலிட்டு மூட வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.

நோயாளிகளின் குச்சிகள் அன்றன்றே இயந்திரத்தில் ஏறிவிடும். வெற்றுக்குச்சிகளோ வாரம் முழுதும் உறைபெட்டியில் காத்திருந்து, வியாழனன்று ஐந்தும் ஒன்றாக ஏறும். மூன்றாண்டுகளாக அவை ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தமையால், அந்த ஏற்பாட்டில் யாரும் குறை காணவில்லை.

அன்று முற்பகல் பதினொன்று இருபதுக்கு இயந்திரம் வேறு விதமாகச் சொன்னது.

"குச்சியக்கா, இங்க கொஞ்சம் வந்து பாரேன்," என்றான் இயந்திரத்தை இயக்குபவன். பெரிய கண்ணாடிக்காக எல்லோரும் அவனை ஆந்தை என்றே அழைத்தனர். "அஞ்சுல அஞ்சு. எல்லாத்துலயும் அடினோ வைரஸ்."

குச்சியக்கா என்பது வார்டு அவளுக்கு இட்ட பெயர். பதினோராண்டுகளாகத் தொண்டைகளிலிருந்து மாதிரி எடுப்பவள். ஒரு கையுறையை இரண்டு நோயாளிகளுக்குப் போட்டதாகவோ, ஒரு குப்பியில் பெயர் மாற்றி ஒட்டியதாகவோ அவள்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. அவள் திரையைப் பார்த்தாள். வைரஸ் இருந்தால் மட்டுமே ஏறும் கோடுகள் ஐந்தும் அருகருகே மேலேறி நின்றன.

"உன் தண்ணியில இருக்கும்," என்றாள்.

"என் தண்ணி சுத்தம். ஆறாவது குப்பியில வெறும் தண்ணிதான் போட்டேன், பார், அதோட கோடு படுத்துக் கிடக்கு. மெஷின் மேலயும் பழி போடாதே. எது வந்திருந்தாலும் வார்டுலேர்ந்து வந்திருக்கு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரணம், பதினோராம் எண் கட்டில். செவ்வாய்க்கிழமை முதல் அதில் படுத்திருப்பவர் அவளுடைய சொந்த அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுபவர். வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டி, மூச்சுக்கு மூச்சு விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். அவருடைய தொண்டையில் குச்சி விட்டவளும் இவளே. அந்தக் குச்சியிலும் அடினோ வைரஸ் இருப்பதாகப் புதன்கிழமை முடிவு வந்திருந்தது. வைரஸ் என்று முடிவானால் இரண்டு காரியங்கள் நடக்கும்: பாக்டீரியாவுக்கான ஊசி நிறுத்தப்படும், நோயாளி, அதே வைரஸ் கண்டவர்கள் படுத்திருக்கும் மூடிய அறைக்கு மாற்றப்படுவார். மாலை நான்கு மணிக்கு மாற்றுவதாக ஆணை எழுதியாயிற்று.

அந்த முடிவு பொய்யாக இருந்தால்? இல்லாத வைரஸுக்காக மருந்தையும் நிறுத்தி, இருக்கிற வைரஸுக்கு நடுவே அண்ணனைக் கொண்டுபோய்ப் போடுவதாகும்.

அவள் ஆய்வு மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். மருத்துவர் நிறுத்தி நிதானமாகப் பேசும் அம்மையார்.

"வெத்துக்குச்சியில எப்படிம்மா வந்துச்சு?"

"அதான் தெரியலை டாக்டர்."

"தெரியலைன்னா நான் எதை வெச்சு ஆர்டரைக் கேன்சல் பண்ண? வார்டு காத்துலயே வைரஸ் இருந்துதுன்னா, உங்க அண்ணனை நாலு மணிக்கு இல்ல, இப்பவே மாத்தணும். குச்சிதான் கெட்டுச்சுன்னா மாத்தவே கூடாது. ரெண்டுல எதுன்னு சொல்லு."

நியாயமான கேள்விதான். விடையைத் தேடி அவள் வார்டுக்குப் போனாள்.

வார்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்து, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தபடியே பக்கத்துக் கட்டில்காரருக்குப் பேருந்துத் தடங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் அண்ணி, ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, தொண்டை நோண்டி," என்றார் அண்ணன். "சாயங்காலம் எனக்குத் தனி ரூமாமே. கண்ணாடிக் கதவு வேறயாம்."

"தனி ரூம் இல்லைண்ணா. ஆறு பேர் இருக்காங்க."

"அப்ப ஷேர் ஆட்டோ." சிரித்தவருக்கு இருமல் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி பையின் வாயைக் கட்டினாள். "ஊசியை நிறுத்தப் போறாங்களாம். நேத்திலேர்ந்துதான் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு. நீ இங்கயே வேலை பாக்கறவ. நல்லதுக்குத்தானான்னு ஒரு வார்த்தை சொல்லு, அது போதும் எனக்கு."

"பாத்துட்டு வந்து சொல்றேன் அண்ணி."

"இன்னும் என்னத்தைப் பாக்கணும்? குச்சி விட்டதே நீதானே!"

அவள் வார்டைச் சுற்றினாள். மின்விசிறியின் கீழ் நின்று பார்த்தாள். திரைச்சீலைகளை முகர்ந்தாள், வைரஸுக்கு வாசனை இல்லை என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டாள். வெற்றுக்குச்சியை உருவும் சிறிய தள்ளுமேசையைக் குனிந்து அடியிலும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை இரண்டாம் கட்டிலருகே எடுத்தது, சனிக்கிழமை ஒன்பதாம் கட்டிலருகே, திங்கள் ஆறு, செவ்வாய் பதினொன்று, புதன் மூன்று. ஒரு சன்னலோ ஒரு நோயாளியோ அந்த ஐந்துக்கும் பொதுவாக இல்லை. காற்றுதான் என்றால், நாள்தோறும் அதே காற்றில் நிற்கும் செவிலியர் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

மணி பன்னிரண்டே முக்காலுக்கு அவள் ஆந்தையைக் கையோடு இழுத்து வந்து, ஆளில்லாத பதினான்காம் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நீதான் நோயாளி. நான் முதல்லேர்ந்து செய்யறேன். எங்க தப்புன்னு பாத்துச் சொல்லு. வாயே திறக்காதே."

"வாயைத் திறக்காம எப்படிக் குச்சி விடுவே?"

"பேசாதேன்னு சொன்னேன்டா."

கை கழுவினாள். கையுறை போட்டாள். குப்பியில் பெயரெழுதினாள். உறையைக் கிழித்துக் குச்சியை உருவினாள். எல்லாம் நூல் பிடித்ததுபோல் நடந்தது. பிறகு, இடக்கையால் தன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, வாயை அகலத் திறந்து, அவன் முகத்துக்கெதிரே "ஆ..." என்றாள்.

ஆந்தை வாயைத் திறக்கவில்லை. அவளையே பார்த்தான்.

"என்ன?" என்றாள் அவள்.

"மாஸ்க்கை ஏன் இறக்கினே?"

"இறக்காட்டி எப்படி? வாயைத் திறங்கன்னு சொன்னா ஒருத்தரும் சரியாத் திறக்கறதில்ல, பல்லைத்தான் காட்டுவாங்க. நான் திறந்து காட்டினா..."

"சரி, வெத்துக்குச்சியை எடு."

அவள் இன்னொரு குச்சியை உருவிக் காற்றில் பிடித்தாள். முகக்கவசம் தாடையிலேயே இருந்தது. மேலே ஏற்றினால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து குப்பியின் வாய் தெரியாது. கடைசி நோயாளிக்குப் பிறகு அதை ஏற்றும் வழக்கமே இல்லாமற் போயிருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று வாய்விட்டு எண்ணினாள். குச்சியின் பஞ்சு அவள் உதட்டிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்தது.

"யாருக்கு எண்ணிக் காட்டறே அக்கா? வெத்துக்குச்சிக்கு நோயாளியே கிடையாதே."

அவள் எட்டில் நிறுத்தினாள். பதினோராண்டு வழக்கம். பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் வர எண்ணத் தொடங்கியது. எதிரே ஆள் இல்லாதபோதும் வாய் தானாக எண்ணியது.

"எனக்கு ஒண்ணும் இல்லைடா. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. போன வாரம் தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துது, அவ்வளவுதான்."

"குச்சியை இங்க கொடு," என்றான் ஆந்தை. "ஆ சொல்லு."

இயந்திரம் ஒரு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. கோடு ஏறத் தொடங்கியபோது அவளுக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது: காரணம் கிடைத்துவிட்டதே! அடுத்த கணமே, அந்தக் காரணம் தான்தான் என்பது உறைத்தது. சொன்னால் பதினோராண்டுப் பெயர் போகும். சொல்லாவிட்டால் நான்கு மணிக்கு அண்ணன் போவார். மணி இரண்டு இருபது.

அவள் மாடியேறிச் சென்று, மருத்துவரின் அறைக்குள் நுழையாமல், வாசலிலேயே நின்று சொன்னாள். முகக்கவசத்தைப் பற்றியும், "ஆ" என்பதைப் பற்றியும், எண்ணுவதைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். மருத்துவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கண்ணாடி ஆவி விஷயம் எனக்கும் உண்டும்மா. நானும் இறக்கியிருக்கேன்." "நர்ஸை விட்டு உங்க அண்ணனுக்கு மறுபடி எடுக்கச் சொல்றேன். நீ அந்தப் பக்கமே போகக் கூடாது. கூடவே ஒரு வெத்துக்குச்சியும் எடுக்கட்டும்."

மூன்று ஐம்பதுக்கு முடிவு வந்தது. செவிலி எடுத்த வெற்றுக்குச்சியில் ஒன்றுமில்லை. அண்ணனின் குச்சியிலும் ஒன்றுமில்லை. மருத்துவர் மாற்றல் ஆணையின்மேல் குறுக்குக்கோடு போட்டார். ஊசி தொடரட்டும் என்று அதன் கீழே எழுதினார்.

அவள் வார்டு வாசலுக்கு வெளியே நின்று அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் அண்ணி பையின் முடிச்சை அவிழ்ப்பது தெரிந்தது.

"நல்லதுக்குத்தானே?" என்றாள் அண்ணி மறுபடியும்.

"ஆமா அண்ணி. ஆனா செவ்வாய்க்கிழமை நான் அவர் மூஞ்சிக்கு நேரா வாயைத் திறந்து மூச்சு விட்டிருக்கேன். இன்னைக்கு இல்லாதது நாளைக்கு வரலாமாம். சனிக்கிழமை இன்னொரு தடவை எடுப்பாங்க."

"அப்ப இருக்கா, இல்லையா?"

"இன்னைக்கு இல்ல."

"இது என்ன பதில்? அவர்கிட்டயே சொல்லு." அண்ணி தொலைபேசியைக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

"ஏண்டி, ஷேர் ஆட்டோ கேன்சலாமே," என்றார் அண்ணன்.

அவள் சிரித்தாள், சிரித்ததும் அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கும் முன்பே மருத்துவர் பின்னால் வந்து, ஆறடி தள்ளி நின்றார்.

"மூடின ரூம்ல ஆறு பேர் இருக்காங்க. அதுல உன் கையால எடுத்தது எத்தனை?"

அந்தக் கேள்வி மதியம் முதலே எங்கோ நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். அவள்தான் திரும்பிப் பார்க்கவில்லை. "மூணு," என்றாள். "வெள்ளி, சனி, திங்கள். தையல்காரர், ரிட்டயர்டு தபால்காரர், அந்தப் பழக்கடைக்காரர்."

"மத்த மூணு பேர் போன வாரமே வேற ஆஸ்பத்திரியிலேர்ந்து ரிசல்ட்டோட வந்தவங்க. அவங்களுக்கு நிஜமாவே இருக்கு," என்று மருத்துவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செவிலி அந்த மூவரிடமும் புதிதாக எடுத்த மூன்று குச்சிகளோடு மூடிய அறையிலிருந்து வெளியே வந்தாள். ஆந்தை அவற்றை ஏற்றினான். குச்சியக்கா நடைவழிக் கடைசியில் ஒரு பெஞ்சில் தனியே உட்கார்ந்து, உள்ளுக்குள் எண்ணத் தொடங்கி, எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் விட்டாள். மூன்றும் ஒன்றுமில்லை என்று வந்தால், இல்லாத நோய்க்காக அவர்களை அடைத்துவைத்தவள் ஆவாள். இருக்கிறது என்று வந்தால்? அதுதான் நல்லது என்று முதலில் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நல்லதாகத் தோன்றவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஆந்தை வந்தான். "மூணுலயும் இருக்கு."

"அப்ப நான் எடுத்தது சரியா?"

"அதை எப்படிச் சொல்றது?" என்றார் அவன் பின்னால் வந்த மருத்துவர். "வரும்போதே இருந்திருக்கலாம். நீ கொடுத்திருக்கலாம். இல்ல, உள்ள போன பிறகு மத்த மூணு பேர்கிட்டேர்ந்து ஒட்டியிருக்கலாம். இப்ப எல்லார் தொண்டையிலயும் ஒரே வைரஸ். தொண்டையில இருக்கறதுதான் நுரையீரலைக் கெடுத்துச்சான்னும் தெரியாது. மூணு பேருக்கும் ஊசியை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிட்டேன். அதுக்கு மேல..." அவர் கையை விரித்தார்.

மூடிய அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தையற்காரர் எழுந்து நின்றிருந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு, மணிக்கட்டைத் தட்டிக் கதவைக் காட்டி, எப்போது வெளியே விடுவீர்கள் என்று சைகையால் கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். எந்தச் சைகை காட்டுவது என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுக் கட்டிலுக்குப் போனார்.

நடந்ததை அவள் தன் கையால் எழுதித் தந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். மருத்துவர் படிவத்தைப் பெஞ்சின் மறுமுனையில் வைத்துவிட்டு விலகி நின்றார். நடந்தது என்ன என்ற இடத்தை அவள் வடிவான எழுத்தில் நிரப்பினாள். மூன்று நோயாளிகளுக்கும் தொற்று எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் பேனா நின்றது.

"தெரியலைன்னே எழுதும்மா. வேற எது எழுதினாலும் பொய். நேரம் போட்டுக் கையெழுத்துப் போடு."

அவள் மூவருக்கும் எதிரே மூன்று தரம் "தெரியவில்லை" என்று எழுதினாள். சுவர்க்கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்து, அதன் கீழே நேரத்தையும் எழுதினாள்: மாலை 5.52.