முஷெக் கேட்ட திராட்சை

முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போடச் சொன்னதே முஷெக்தான். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது, காற்றுப் படுகிற இடத்தில் கிடத்துங்கள் என்றார். மனைவி வர்செனிக்கும் அடுத்த வீட்டு அருஸ்யாக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரும்புக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார்கள். கால் வீங்கி, வயிறு வீங்கி, முகம் மட்டும் வற்றிப்போயிருந்தது அவருக்கு. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஊசி வேண்டாம், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்குப் பிடித்தது எதுவென்று மனைவிக்குத் தெரியாதா? மறுநாள் காலை தயிரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊட்ட வந்தவளிடம், முஷெக் கண்ணாலேயே மேலே காட்டினார். பந்தலில் குலைகள் பச்சை விட்டு மஞ்சள் ஓடத் தொடங்கியிருந்தன.

"அதுல ரெண்டு பறிச்சுத் தா."

"ஞாயித்துக்கிழமை தரேன்."

"ஞாயித்துக்கிழமை நான் எங்கேயோ."

"உன்னை எடுத்துக்க மேல யாரும் அவசரப்படல, மனுஷா. வாயைத் திற."

ஞாயிறு தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று கோவிலில் குருவானவர் திராட்சையை ஆசீர்வதித்துக் கொடுக்கும்வரை வர்செனிக் புதுப்பழத்தை நாக்கில் வைத்ததில்லை. அவள் அம்மாவும் வைத்ததில்லை. வருஷத்தின் முதல் கனி தேவமாதாவுக்கு, நமக்கு அப்புறம்தான் என்பது அவள் பால் குடித்த நாளிலிருந்து கேட்ட பேச்சு.

முஷெக் அப்படியில்லை. கூட்டுப்பண்ணையில் லாரி ஓட்டியவர். சாமி கும்பிடக் கூடாதென்று அரசாங்கம் ஊர்க் கோவிலை உரமூட்டை அடுக்கிப் பூட்டி வைத்திருந்த காலத்தில், அந்த மூட்டைகளை ஏற்றி இறக்கியதும் அவர் லாரிதான். கல்யாணமான முதல் ஆகஸ்டிலேயே, திருநாளுக்கு முந்தின வாரம், பந்தலிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி அவள் கண்முன்னே வாயில் போட்டு நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தக் கூத்து நடந்தது. "பாத்தியா, இன்னும் நிக்கிறேன். வானம் இடிஞ்சு விழல" என்பார். அவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். வருஷம் ஏற ஏறத் துரத்தும் வேகம் குறைந்தது, கோபம் குறையவில்லை. பேரன் பேத்தி பார்த்த பிறகும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தான் தோற்றுக்கொண்டே இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

இதே முஷெக்தான், ஊரில் கோவில் பூட்டிக் கிடந்த ஒரு வருஷம், பண்ணை லாரியில் வர்செனிக்கையும் நான்கைந்து பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருந்த பழைய மடத்துக்குப் போனார். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும். பெண்கள் உள்ளே போய்ப் பழத்தை ஆசீர்வாதம் வாங்கிவரும்வரை ஸ்டீயரிங்கில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, உங்கள் தேவமாதாவின் பழத்துக்கு நான்தான் கோச்சுவண்டிக்காரன், கூலியாக ஒரு பழமாவது கொடுங்கள் என்று கேலி செய்துகொண்டே ஓட்டினார். அவள் கொடுத்தாள். அந்த வருஷம் மட்டும் அவர் அதற்கு முன்னால் திருடித் தின்றிருக்கவில்லை என்பது அவளுக்குப் பின்னால்தான் உறைத்தது.

இப்போது அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அவள் பறித்துக் கொடுத்தால்தான் உண்டு.

அன்று சாயங்காலம் மறுபடி கேட்டார். அருஸ்யாக் அப்போது கூடவே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கொடுத்துத் தொலையேன், டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று காதோரம் சொன்னாள். வர்செனிக் அசையவில்லை. இத்தனை வருஷம் என்னைப் படுத்தினாரே, ஒரே ஒரு தடவை பொறுத்துக்கட்டும், அவர் ஆத்மாவுக்கும் நல்லதுதானே என்றாள். அவள் சொன்னதில் ஆத்மா எவ்வளவு, பழைய கணக்கு எவ்வளவு என்று அவளே பிரித்துப் பார்க்கவில்லை.

முஷெக் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"சரி, பொம்பள. நீ ஜெயிச்சே. காத்திருக்கேன்."

வர்செனிக்கின் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அவர் நெற்றியைத் துடைத்து, உன் நோவு எனக்கு வரட்டும் என்றாள். தபால்காரனுக்கும் பூனைக்குட்டிக்கும்கூட அவள் சொல்கிற வார்த்தைதான் அது. அன்றைக்கு மனசாரச் சொன்னாள்.

வியாழக்கிழமை, திருநாளுக்காகக் கோவிலைக் கூட்டிப் பெருக்கப் பெண்கள் எல்லோரும் போனார்கள். அருஸ்யாக்கை முஷெக்கின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வர்செனிக்கும் போனாள். மெழுகுவர்த்தித் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டே, என் மனுஷன் இந்த வருஷம் திராட்சை தொடவில்லை, ஆசீர்வாதம் ஆகட்டும் என்று காத்திருக்கிறார் என்று ஆரம்பித்தாள். யார், லாரி முஷெக்கா என்று ஒருத்தி சிரித்தாள். அவரேதான், கடைசியில் வழிக்கு வந்துட்டாரு என்றாள் வர்செனிக். உரம் நாறின இதே சுவருக்குள் நின்று அதைச் சொல்ல எவ்வளவு இனித்தது. ஒருத்தியிடம் சொன்னது போதாமல் வாசல்வரை வந்து இன்னொருத்தியிடமும் சொன்னாள்.

அதற்குப் பிறகு முஷெக் திராட்சையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கத் தூக்கமும் விழிப்புமாகக் கிடந்தார். எவ்வளவு அமைதியாகப் பொறுத்திருக்கிறார் பார் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்தபோது தயிர்க் கிண்ணத்தோடு போனவள், கட்டிலருகே கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முஷெக்கின் கண் பந்தலைப் பார்த்துத் திறந்திருந்தது. அவள்தான் மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மணி அடித்தது, அவள் போகவில்லை. சாவுவீட்டுக்காரி எங்கே போவாள்? நடுக்கூடத்தில் பெட்டி இருந்தது. ரஷ்யாவிலிருந்து மகன் வந்துகொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்குக் குருவானவர் நெர்செஸ் வந்தார். இளவயசு, தாடியில் இன்னும் ஒரு நரையில்லை. ஆசீர்வதித்த திராட்சையில் ஒரு சின்னப் பையை அவளுக்கென்று எடுத்துவந்திருந்தார். ஜெபம் முடிந்து ஜனங்கள் முற்றத்துக்குப் போனதும், வர்செனிக் அந்தப் பையைத் திறந்து ஒரு கொத்தை எடுத்தாள்.

"சாமி, இதை அவர் கையில வச்சு அனுப்பலாமா?"

"வேண்டாம்மா. இது இருக்கறவங்க சாப்பிடுறதுக்கு."

அப்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டதை, அவள் மறுத்ததை, கோவிலில் பெருமையடித்ததைக்கூட விடவில்லை. குரு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நோயாளிக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாதும்மா. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா நானே ஒரு கொத்தை ஜெபிச்சு எடுத்துட்டு வந்திருப்பேனே. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்."

"தெரியும் சாமி. கேட்டா கொடுன்னுதான் சொல்வீங்கன்னு தெரியும். அதனாலதான் கேக்கல."

குரு கையிலிருந்த சிலுவையை அவள் பக்கம் நீட்டினார். முத்தமிட்டாள். தேவமாதா என்னிடம் கனிதான் கேட்டாளா, இல்லை நான்தான் அவள் பெயரைச் சொல்லிப் புருஷனிடம் பழைய பாக்கியை வசூல் பண்ணினேனா என்கிற கேள்வி, சிலுவையிலிருந்து உதட்டை எடுத்த பிறகும் அவளை விடவில்லை.

திருநாளுக்கு மறுநாளான திங்கட்கிழமை இறந்தோர் நினைவுநாள். ஊரே சாம்பிராணியோடு கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. விடியலில் வந்து சேர்ந்த மகன் முன்னால் நிற்க, அந்தப் புகைக்கு நடுவில் முஷெக்கை இறக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பிச் சாப்பாடு போட்டு, முசுக்கொட்டைப் பழத்தில் வடித்த சாராயம் ஊற்றி, அவரைப் பற்றி நல்லதைப் பேசினார்கள். கோவில் கூட்டிய பெண்களில் ஒருத்தி, கடைசி வாரத்தில் அவர் விரதம் இருந்ததை எழுந்து நின்று சொன்னாள். எல்லோரும் வர்செனிக்கைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்து, பயணக் களைப்பில் மகன் உள்ளே தூங்கிப்போன பிறகு, வெயில் இறங்கும் நேரத்தில், அருஸ்யாக்கும் அவளுமாக முற்றத்துக் குழாயடியில் தட்டுகளைக் கழுவினார்கள். அருஸ்யாக் ஒரே தட்டை மூன்றுதரம் கழுவினாள்.

"வர்செனிக் கண்ணு, என்னைத் திட்டக்கூடாது."

"என்ன உடைச்சே?"

"ஒண்ணும் உடைக்கல. வியாழக்கிழமை நீ கோவிலுக்குப் போனியே, அப்ப முஷெக் என்கிட்ட கேட்டாரு. நான் கொடுத்தேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வர்செனிக் அதை மூடினாள்.

"உங்க பந்தல்லதான், அந்தச் சுவரோரக் குலையில கிள்ளினேன். உன் கண்ணுக்குப் படாம இருக்கட்டும்னு. மூணோ நாலோ தின்னாரு. தோலை என் உள்ளங்கையில துப்பினாரு."

"என்ன சொன்னாரு?"

"புளிக்குதுன்னாரு. சப்புக்கொட்டினாரு, அவரு வழக்கமாக் கொட்டுவாரே, அப்படி. சத்தம்தான் வரல. அப்புறம், அவகிட்ட சொல்லாதே, இந்நேரம் கோவில்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பா, பாவம், ஜெயிச்சதாவே இருக்கட்டும்னாரு."

வர்செனிக்கின் நெஞ்சில் இருந்த பாரம் முதலில் இறங்கியது. ஆசை தீராமல் போகவில்லை, தின்றுவிட்டுத்தான் போனார். தேவமாதாவே, உனக்கு நன்றி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் வேறொன்று வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"உன் கையால தின்னாரு" என்றாள்.

"யார் கையா இருந்தா என்ன, வர்செனிக்."

வர்செனிக் ஈரக்கையோடு சுவரோரம் போய்ப் பார்த்தாள். குலையின் நுனியில் நாலு காம்புகள் பழமில்லாமல் காய்ந்து சுருண்டிருந்தன. பக்கத்துப் பழங்கள் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின. இனி அவற்றை யாரும் தின்னலாம். திருநாள்தான் முடிந்துவிட்டதே.

அருஸ்யாக் தட்டுகளை அடுக்கிவிட்டு, உன்னைத் தனியாக விடட்டுமா என்று கேட்டுவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கட்டிலை இன்னும் யாரும் உள்ளே எடுத்துப் போடவில்லை. வர்செனிக் அதில் உட்கார்ந்தாள். இடுப்பு வலித்தது, மெல்லச் சாய்ந்து அவர் படுத்திருந்த இடத்திலேயே படுத்தாள்.

நின்றுகொண்டு ஊட்டும்போது குலைகள் அவளுக்குத் தலைக்குமேல் எங்கோ இருந்ததாகத்தான் தோன்றும். படுத்துப் பார்த்தால் நேர் முகத்துக்கு மேலே, ஒவ்வொரு பழமாக எண்ணிவிடும்படி தொங்கின. அவள் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. எழுந்து நின்றால் எட்டும். அவள் எழவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.