ஜெஸிந்தாவின் முன்வேலைகள்

வணிகத்தைப் பற்றியும் கணினியைப் பற்றியும் எழுதுகிறவர்கள், பத்து வருடத்துக்கு ஒருமுறை, தாங்கள் முன்பு பார்த்த வேலைகளை நேரில் அழைத்து வந்து காட்ட வேண்டும். ஜெஸிந்தா பர்னாந்துக்கு அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. காட்டும்வரை பெயர் நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் இருந்தது.

பெயர் அன்றே நின்றுவிட்டது. எதிர்வீட்டு வசுமதி அவளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"உங்களைத்தாங்க," என்றாள் கடைசியில்.

எட்டு வருடமாக அவள் மாத இதழில் எழுதும் பத்தியின் தலையில் வெள்ளையாக ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவளுடைய முதல் புத்தகம் அடுத்த மாதம் வரவிருந்தது. அட்டையிலும் அந்த வெள்ளைதான் இருக்கும் என்று பதிப்பாளர் வருத்தத்தோடு சொன்னார்.

அவளுடைய ஆசிரியர் குறிப்பு ஒரே வரி. 'தகவல் தொழில்நுட்பத் துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்.' அதற்கேற்ப இரண்டு வேலைகளைத் தேடிப் பிடித்தாள். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒல்லி இளைஞனாக வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்த வேலை மஞ்சள் சுடிதார் போட்டிருந்தது. ஆட்டோவில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நடைவழி காலையில் பதினாலு அடிதானாம். ஜெஸிந்தா கால் வைத்ததும் நீண்டது. ஒரு மணி நேரம் நடந்தார்கள். வழியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூனிடம் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"யாரையாவது விட்டுட்டு வந்தவங்களுக்கு நீளும் மேடம்."

"நான் யாரையும் விடலையே."

இன்னும் இருபது அடி நீண்டது. பியூன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

ஒன்றை விட்டுத்தான் வந்திருந்தாள். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், ஐஸ் கம்பெனியில் ஆறு வருடம். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார் கட்டி என்று கேட்டுக் கேட்டு இறக்கிவிடும் வேலை. எட்டு வருடத்துக்கு முன் இதழாசிரியர் "உங்க பின்புலம் என்ன?" என்று கேட்டபோது அதை அப்படியே விழுங்கிவிட்டாள். மீன் வாடை அடிக்கிற கையெழுத்தை யார் நம்புவார்கள் என்று நினைத்தாள்.

சரிபார்ப்பு அலுவலர் இடுப்புவரை மேசையாகியிருந்தார். முழுவதும் மாற இன்னும் மூன்று வருட சர்வீஸ் பாக்கி.

"வயசுல சின்ன வேலை முதல்ல பேசலாம்," என்றார்.

சாஃப்ட்வேர் வேலை எழுந்தது. "நான் பதினோரு மாசம்தான் சார் இருந்தேன். பதினஞ்சு வருஷம்னு இவங்களா போட்டுக்கிட்டாங்க."

வேலைகளுக்குப் பொய் சொல்ல வராது. ஜெஸிந்தா தரையைப் பார்த்தாள்.

"பரவாயில்ல. சர்வர்னா என்ன? எனக்குப் புரியணும். என் கீழ்ப்பாதிக்கும் புரியணும்."

"சேவை வழங்கும் கணினி, சார்."

அலுவலர் தலையாட்டினார். மேசை அசையவில்லை.

"பாடப் புத்தகத்துல நாப்பத்திரண்டாம் பக்கம் பாருங்க," என்றது மஞ்சள் சுடிதார்.

மேசை தன் இழுப்பறையைச் சாத்திக்கொண்டது.

"அப்ப பேரு ரத்து," என்று அலுவலர் முத்திரையை எடுத்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கட்டைகுட்டையான உடம்பு. முழங்கைவரை ஈரம். சேலைக் கரையில் ஐஸ் மூடிவைக்கும் மரத்தூள். நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியது.

"பத்தொம்பது நாளா நடக்கேன்," என்றது ஐஸ் கம்பெனி வேலை. கடிதம் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. "நீ கூப்பிட மாட்டன்னு தெரியும்ட்டி. அதான் நானே வந்துட்டேன்."

"சர்வர்னா என்ன?" என்றார் அலுவலர்.

"அதுவா? மீன்பிடி போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஐஸ் மிஷின் வச்சா கட்டுபடியாகுமா சார்? ஒரே இடத்துல உறைய வைக்கோம். கேக்குற போட்டுக்குக் கேக்குற அளவு இறக்குதோம். கரண்டு போச்சுன்னா அம்புட்டு பேரும் நம்மளத்தான் ஏசுவாவ. அதான் சர்வர்."

மேசை இழுப்பறையை முழுசாகத் திறந்தது. உள்ளே ஒரு பச்சை மை பேனா இருந்தது.

ஜெஸிந்தாவுக்கு அந்த வாக்கியம் தெரியும். முதல் பத்தியில் அவள் எழுதியது. அதில் படகு இருக்காது, ஐஸ் இருக்காது, மற்றதெல்லாம் அதேதான். எட்டு வருடமாக வாசகர்கள் 'உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு எளிதாகச் சொல்ல வருகிறது' என்று எழுதிய கடிதங்கள் யாவும் விலாசம் மாறி அவளிடம் வந்தவை.

"சார், நன்றி சொல்றதுக்குப் படிவம் இருக்கா?"

அலுவலர் தேடிப் பார்த்தார். "அதுக்கு இன்னும் அச்சடிக்கல. வாயால சொல்லிடுங்க."

அவள் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். "உன்னையப் போய் மறைச்சேனே."

"கிடக்கு விடு," என்றது ஐஸ் கம்பெனி வேலை. அதற்கு வெட்கமாகிவிட்டது. "நீ அங்கன நல்லாத்தாம்ட்டி வேல பாத்த. ஒருத்தனையும் ஐஸ் இல்லன்னு திருப்பி அனுப்பல."

அலுவலர் பச்சை மையில் குறிப்பைத் திருத்தினார். 'ஆறு ஆண்டுகள் ஐஸ் கொடுத்தவர்.' பிறகு "ஜெஸிந்தா பர்னாந்து" என்று சத்தமாகக் கூப்பிட்டார். அறை முழுக்கக் கேட்டது.

சாஃப்ட்வேர் வேலை அங்கேயே நாற்காலியாகச் சேர்ந்துகொண்டது. மஞ்சள் சுடிதாரைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள். அது கையசைத்தபடியே அடுத்த பஸ்ஸில் ஏறியது.

ஆட்டோவில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜெஸிந்தா அதன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஐஸ் பார் மாதிரி இருந்தது. இரண்டாவது சிக்னலில் விரல்கள் மரத்தன. நான்காவதில் முழங்கைவரை ஒன்றும் தெரியவில்லை.

"விடுட்டி, குளிரும்."

"பரவால்ல, இருக்கட்டும்," என்றாள் ஜெஸிந்தா, இன்னொரு கையையும் கொடுத்தபடி.