நாலாம் தூணில் மோதிய படகு

கருப்பண்ணன் எருமப்பட்டிப் பக்கத்து ஆள். பிறந்ததிலிருந்து அவன் பழகிய தண்ணீரெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். பதினைந்து வருஷம் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டியவன். மாடு பின்னால் வரும்போது வடம் எவ்வளவு தளரும், தண்ணீர் அள்ளுகிற சால் நிறைந்ததும் எப்படி விறைக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே கையால் சொல்லிவிடுவான். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை இல்லாமல் போய், கிணற்றின் அடியில் பாறை தெரிந்தபோது, மனைவி அங்காளம்மாளோடு புறப்பட்டு மேற்கே வந்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம். பள்ளிபாளையத்துக்குக் கீழே காவிரியின் குறுக்காக ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்காளம்மாளுக்குச் சுண்ணாம்புக் கலவை சுமக்கிற வேலை. கருப்பண்ணன் கையைப் பார்த்ததும் மேஸ்திரி வெள்ளியங்கிரி, "நீ வடம் புடிக்கப் போ" என்றார்.

வடம் என்றால் கல் படகின் வடம். இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே பலகை பாவியிருந்தார்கள். தூணுக்கு மேலாற்றில், மேட்டுக்கரையில் அதில் கல் ஏற்றுவார்கள். ஆறே அதைத் தூணுக்குக் கொண்டுபோகும். அதன் போக்கில் விட்டால் கரூர் வரைக்கும் போய்விடும் என்பதால், படகில் கட்டிய பெரிய வடத்தைக் கரையில் நட்ட பனந்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆறேழு பேர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். அந்த ஆறேழு பேருக்கும் முன்னால் நிற்கிற ஆள் கருப்பண்ணன்.

படகில் நின்றவர்களோ கோதாவரிக் கரையிலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் அப்பலசாமி. தண்ணீரைப் பார்த்தே ஆழம் சொல்லக்கூடியவன். தமிழில் அவனுக்கு ஒரு சொல்லும் வராது. கொங்குப் பக்கத்திலும் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு என்றாலும், கருப்பண்ணனுடைய ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே படகுக்கும் வடத்துக்கும் நடுவே கரையில் வெள்ளியங்கிரி மேஸ்திரி நிற்பார். அப்பலசாமி தெலுங்கில் கத்துவதை அவர் தமிழில் திருப்பிக் கத்துவார். நாலு மாதம் வேலை அப்படித்தான் நடந்தது.

ஆடி பிறந்த வாரம் மேஸ்திரிக்குக் குளிர்காய்ச்சல் வந்து, வண்டியில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வேலையை நிறுத்த ஓவர்சியருக்கு மனசில்லை. "தெனமும் செய்யற வேலைதானே" என்றார்.

மறுநாள் முற்பகல், தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. கல் படகு நாலாம் தூணை நெருங்கியபோது நடு ஆற்றிலிருந்து அப்பலசாமி கையை உயர்த்தி, "ஆகு! ஆகு!" என்று கத்தினான்.

'ஆகட்டும்' என்கிறான் என்று கருப்பண்ணன் நினைத்தான். வடத்தை இன்னும் இரண்டு முழம் விட்டான்.

"ஆகு! ஆகு!" குரல் கிழிந்தது.

அவசரப்படுத்துகிறானே என்று கருப்பண்ணன் மளமளவென்று விட்டான். கல் பாரத்தோடு படகு தூணைச் சுற்றிக் கட்டியிருந்த மரச் சாரத்தில் போய் இடித்தது. சவுக்குக் கம்பங்கள் ஒடிந்த சத்தம் இரண்டு கரைக்கும் கேட்டது. சாரத்தின் மேலிருந்து கல் பதித்துக்கொண்டிருந்த சிம்மாசலம், அப்பலசாமியின் கூடப்பிறந்த தம்பி, படகின் பலகை மேல் விழுந்தான். கரைக்குக் கொண்டுவந்தபோது அவனுடைய வலது கால் முட்டிக்குக் கீழே மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வேலைக்களம் இரண்டாகிவிட்டது. வேண்டுமென்றே வடத்தை விட்டான் என்று தெலுங்குக்காரர்கள் சொல்வதாகக் கை ஜாடையிலிருந்தே தெரிந்தது. விடச் சொல்லிவிட்டு நம் ஆள் மேல் பழி போடுகிறார்கள் என்று வடம் பிடிக்கிறவர்கள் கொதித்தார்கள். தண்ணீர்த் துறையில் பெண்கள்கூட ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். ஓவர்சியர் கருப்பண்ணனை வடத்திலிருந்து எடுத்து ஜல்லி உடைக்கப் போட்டார்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "அவன் ஆகட்டும்னுதான் சொன்னான் புள்ள. எங்காதுல உழுந்துச்சு. அப்பறம் எதுக்கு என்னை அப்படிப் பாக்கறான்?"

"போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் அங்காளம்மாள்.

"எந்தப் பேச்சுல கேக்கறது?"

இருந்தும் போனான். தெலுங்குக் குடிசைகளின் முன்னால் நின்றவனைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து வந்து வழியை மறித்தார்கள். உள்ளே சிம்மாசலம் முனகுவது கேட்டது. அப்பலசாமி வாசலில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான். கருப்பண்ணன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

மூன்றாம் நாள் காலையில் குளிக்கத் துறைக்குப் போனபோது, மேல் படியில் அப்பலசாமியின் மனைவி நூக்காலம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண் குழந்தை, மூன்று வயசு இருக்கும், மிதந்து போன ஒரு பூவரச இலையைப் பிடிக்கத் தண்ணீரை நோக்கி ஓடிற்று. தாய் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஆகு! ஆகு!"

குழந்தை அப்படியே நின்றுவிட்டது.

கருப்பண்ணனும் நின்றுவிட்டான். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சொல் தனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. நிறுத்து நிறுத்து என்று ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கத்த, தான் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். அவன் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நூக்காலம்மா பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

ஈரத் துண்டோடு நேராகக் குடிசைக்குப் போனான். இந்தத் தடவை மறித்தவர்களின் கையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, சிம்மாசலத்தின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான். பேச்சு இல்லாததால் நடித்துக் காட்டினான். வடம் பிடிப்பது போலக் கையை வைத்தான். அப்பலசாமியைச் சுட்டி, "ஆகு" என்றான். தன் காதைத் தொட்டு, "ஆகட்டும்" என்று தலையாட்டி, வடத்தை விடுவது போலக் கையைத் திறந்தான். பிறகு வெளியே குழந்தையைக் காட்டி, "ஆகு" என்று சொல்லிக் கற்சிலை மாதிரி நின்று காட்டினான். மறுபடியும் காதைத் தொட்டபோது அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆகட்டும்" என்று அப்பலசாமி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "ஆகு... ஆகட்டும்." பிறகு எழுந்துவந்து கருப்பண்ணனின் தோளில் கை வைத்து, "நீ தப்பு காது" என்றான்.

"ஆமாங்க" என்றான் கருப்பண்ணன், காதைப் பிடித்துக்கொண்டு. "எனக்குத் தப்புக் காதுதானுங்க."

சிம்மாசலத்துக்கு என்ன புரிந்ததோ, வலியோடு வலியாகச் சிரித்துவிட்டான்.

நாலைந்து நாள் கழித்து மேஸ்திரி கம்பளியைப் போர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டவர், "அட சாமி, அவிய பேச்சுல காதுன்னா 'இல்லை'ன்னு அர்த்தம். உன்மேல தப்பு இல்லைன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

"நான் கேட்டதும் சரியாத்தானுங்க இருக்குது" என்றான் கருப்பண்ணன்.

ஆனால் மேஸ்திரியை வைத்துக்கொண்டே அவன் வேறொரு பேச்சு எடுத்தான். "நீங்க இன்னொரு நாளைக்குப் படுத்துட்டீங்கன்னா என்ன பண்றதுங்க? எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா நாலு வார்த்தை வேணும்." வடக்காரர்களும் படகுக்காரர்களும் கரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு அந்தப் பக்கம் வீசினார். நில்லு என்றால் அவர்களுக்கும் புரிந்தது. விடு என்பதும் புரிந்தது. இழு என்பதற்குத்தான் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. அப்போது கட்டிலோடு தூக்கிவரப்பட்டிருந்த சிம்மாசலம், "ஐலசா!" என்றான். அதைக் கேட்டதும் வடக்காரர்களின் கை தானாக எழுந்தது. பாரம் இழுக்கிறபோது இரண்டு ஊரிலும் ஒரே கத்தல்தான். ஆபத்து வந்தால் யாரும் எதுவும் கத்த வேண்டியதில்லை என்றும், கரை வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தால் போதும் என்றும் முடிவாயிற்று.

மறுநாள் அப்பலசாமி ஓவர்சியர் முன்னால் போய் நின்றான். ஜல்லிக் குவியலில் இருந்த கருப்பண்ணனைச் சுட்டிக் காட்டி, பிறகு வடத்தைச் சுட்டிக் காட்டினான். அந்த ஆள் வடம் பிடித்தால்தான் படகில் ஏறுவேன் என்பது மேஸ்திரி சொல்லாமலே ஓவர்சியருக்குப் புரிந்தது.

ஆடி பதினெட்டு கழிந்து மூன்று நாள். மேலே மலையில் நல்ல மழை போலிருக்கிறது, தண்ணீர் செந்நிறமாக வந்தது. நாலாம் தூணின் சாரத்தைத் திரும்பக் கட்டி, இருபத்திரண்டு பேர் அதன் மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கல் பதிக்கிறவர்கள் தெலுங்குக்காரர்கள். கலவை எடுத்துக் கொடுக்கிற பெண்கள் இந்தப் பக்கத்தவர்கள். அங்காளம்மாளும் அங்கேதான் இருந்தாள். கல் இறக்கிய படகு தூணின் பக்கத்தில் கட்டிக் கிடந்தது.

வடத்தைப் பனந்தூணில் சுற்றிவிட்டு மேலாற்றைப் பார்த்த கருப்பண்ணனுக்கு முதலில் ஏதோ வீடு மிதந்து வருவதுபோலத் தெரிந்தது. மேலே ஏதோ துறையில் கட்டறுத்துக்கொண்ட ஒரு பெரிய சரக்குப் படகு. ஆள் இல்லை. குறுக்காகத் திரும்பி, வேரோடு பிடுங்கிய மருதமரம் ஒன்றையும் இழுத்துக்கொண்டு, நடு ஆற்றின் இழுப்பில் நேராக நாலாம் தூணுக்கு வந்துகொண்டிருந்தது.

"இரும்ப அடிங்கடா!" என்று கத்தினான்.

தண்டவாளம் கணகணவென்று ஒலித்தது. சாரத்தின் மேல் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாரும் யாரையும் என்ன என்று கேட்கவில்லை. அப்பலசாமி படகில் குதித்து இரண்டு கைகளையும் நீட்டினான். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். கல் பதிக்கிறவர்கள் அவர்களைத் தோள் கொடுத்து இறக்கிவிட்டுப் பின்னால் குதித்தார்கள். கடைசி ஆள் கால் வைத்ததும் அப்பலசாமி தூணில் கட்டியிருந்த கயிற்றை அரிவாளால் வெட்டினான். படகு ஆற்றின் வேகத்தில் துள்ளிற்று.

"நில்லு!"

கருப்பண்ணன் வடத்தை மார்போடு சேர்த்துக் குதிகாலை மண்ணில் ஊன்றினான். பின்னால் ஆறு பேரும் சாய்ந்தார்கள். வடம் விறைத்துத் தண்ணீர் சொட்டிற்று. மேட்டில் பிடித்த வடம் பிடித்தபடி நின்றால் ஆறு தானே படகைக் கரைப் பக்கம் ஒதுக்கிவிடும் என்று அப்பலசாமிக்குத் தெரியும். படகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பாதி வழியில் தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறை ஒன்று நுரையாகத் தெரிந்தது. படகு நேரே அதன் மேல் போய்க்கொண்டிருந்தது.

"விடு! விடு!"

கருப்பண்ணனின் பிடி இன்னும் இறுகிற்று. இருபத்திரண்டு உயிர், அதில் ஒன்று அங்காளம்மாள். விட்டால் போய்விடுமே என்று உள்ளே ஒன்று சொன்னது. ஆனால் காதில் விழுந்த சொல்லில் சந்தேகம் இல்லை. விட்டான். வடம் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடிற்று. படகு பாறையைத் தாண்டிக் கீழாற்றுப் பக்கம் நழுவிப் போயிற்று.

"நில்லு!"

பிடித்தான். தோல் உரிந்தது தெரிந்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது. பின்னால் யாரோ "ஐலசா" என்று ஆரம்பித்தார்கள். ஆற்றின் மேல் இருபத்திரண்டு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு குரலுக்கும் படகு ஒரு முழம் கரைக்கு வந்தது.

அடிப்பகுதி மணலில் உரசிய நேரத்தில் சரக்குப் படகு நாலாம் தூணில் போய் மோதிற்று. நிலம் அதிர்ந்தது. புதுச் சாரம் மொத்தமும் சீட்டுக்கட்டு சரிவது போலச் சரிந்து தண்ணீரோடு போயிற்று. சரக்குப் படகு இரண்டாகப் பிளந்து, தூணின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியாகக் கடந்தது. தூண் நின்றது. மேல் வரிசையில் இரண்டு கல் மட்டும் பெயர்ந்திருந்தது.

கரையில் இறங்கியவர்கள் தங்களைத் தாங்களே எண்ணினார்கள். இரண்டு பேச்சிலும் எண்ணி, இரண்டிலும் இருபத்திரண்டு வந்த பிறகுதான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அங்காளம்மாள் அழவில்லை. புருஷனின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நூக்காலம்மா எங்கிருந்தோ விளக்கெண்ணெய் கொண்டுவந்து தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

"வலிக்குதுங்களா?" என்றாள் அங்காளம்மாள்.

"நீ கரையில நிக்கற இல்ல. வலிக்கட்டும் போ."

பத்து நாளில் தண்ணீர் வடிந்தது. மறுபடியும் சவுக்குக் கம்பங்கள் வந்து இறங்கின. சிம்மாசலம் ஊன்றுகோலோடு கரை வரை வந்து உட்கார்ந்து கல் கொத்தத் தொடங்கியிருந்தான். கருப்பண்ணனின் கைக்கட்டு இன்னும் அவிழாததால் வடத்தை எருமப்பட்டியிலிருந்து வந்த அவன் மச்சான் குழந்தைவேல் பிடித்தான்.

சும்மா நின்றுகொண்டிருந்த கருப்பண்ணனை அப்பலசாமி கையசைத்துப் படகுக்குக் கூப்பிட்டான்.

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றான் கருப்பண்ணன். இத்தனை மாதத்தில் அவன் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை.

அப்பலசாமிக்கு அது புரியவில்லை. அல்லது புரிந்தும் விடவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டான். படகு நகர்ந்தது. கருப்பண்ணன் முதலில் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது இரண்டு கரையும் சம தூரத்தில் இருந்தன. ஒரு கரையில் அங்காளம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நெற்றிக்கு மேல் கை வைத்து அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். நாலாம் தூண் பக்கத்தில் வந்தது. கட்டுப் போட்ட கையை நீட்டி அவன் அதைத் தொட்டான். வெயிலில் கல் சூடாக இருந்தது. அப்பலசாமி துடுப்பை ஊன்றிக்கொண்டு, ஐந்தாம் தூண் எழும்ப வேண்டிய இடத்தைக் கையால் காட்டினான்.