மூத்த மாப்பிள்ளையைக் கேட்காமல் வாங்கிய விளக்கு

எலெக்ட்ரிக் கடை வைத்துப் பத்தொன்பது வருஷமான அந்த மனிதரிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்கப்போவதாக மாமியார் சொன்னார். எந்த மாதிரி வேண்டும் என்று கேட்கக் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"சின்ன மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். அவரே பாத்து வாங்கிட்டு வர்றாராம்" என்று மாமியார் பேச்சை முடித்துவிட்டார்.

அதற்குமேல் கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமியார் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கையைக் கட்டி உட்கார முடியாமல், மலைக்காட்டில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் தொண்டர் குழுவில் சேர்ந்திருந்தார். கட்டுப் போட இரண்டு கையும் வேண்டும், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மழையில் நனைந்தாலும் பாறையில் மோதினாலும் தாங்குகிற விளக்காக இருக்க வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் சின்ன மாப்பிள்ளை நிலம் அளக்கும் சர்வேயர். சர்வேயருக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? சகலை இந்தக் குடும்பத்துக்குள் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அந்த வீட்டில் எரிகிற ஒவ்வொரு பல்பும் கடைக்காரர் தன் கையால் மாட்டியது.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியிடம் பொருமினார்.

"அவரு காடு மேடெல்லாம் அலையறவரு. உங்க கடை லைட்டு, கரண்ட் போனா சமையக்கட்டுக்குப் போய்ட்டு வரத்தானே லாயக்கு" என்றாள் அவள். உண்மையாகவே இருந்தாலும் சொல்வதற்கு நேரம் காலம் இருக்கிறது. அன்றைக்கு அவர் அவளோடு பேசவில்லை.

மறுநாளே மொத்த வியாபாரியிடம் சொல்லி, உலோக உடம்பு கொண்ட நெற்றி விளக்கு ஒன்றை வரவழைத்தார். வெளிச்சம் அரை மைல் பாயும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பிறகு சகலைக்குப் போன் செய்து, அவர் வாங்கியதை ஒருநாள் கொடுத்தால் சோதித்துத் தருவதாகச் சொன்னார். சகலை சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தார். தானும் அதே விளக்கைத்தான் போடுவதாகவும், ஆனால் அண்ணன் கண்ணுக்குத்தான் குறை தெரியும் என்றும் சொன்னார். அந்தப் பணிவும் கடைக்காரருக்கு நடிப்பாகவே பட்டது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டையும் சோதித்தார். ஏணி உச்சியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டார். உலோக விளக்கின் மூடி நெளிந்தது. சகலையின் பிளாஸ்டிக் விளக்கு துள்ளிப் போய் மேஜைக்கடியில் எரிந்துகொண்டே கிடந்தது. பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தார். உலோக விளக்கின் கண்ணாடிக்குள் நீராவி படர்ந்தது. மற்றதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய பொத்தான். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பேட்டரி. காயத்தைப் பார்க்கத் தோதாக, கண்ணைக் கூசாமல் விரிகிற வெளிச்சம். நல்ல சரக்கு என்று அவருடைய பத்தொன்பது வருஷ அனுபவம் சொன்னது. தான் போயிருந்தால் இதை எடுத்திருக்க மாட்டோம் என்பதும் தெரிந்தது.

பேட்டரி மூடியைத் திறந்தார். தண்ணீர் புகாமல் தடுக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் சுற்றிலும் பதிந்திருந்தது. பிளேடை எடுத்து அதில் ஓரிடத்தில் வெட்டினார். நகக்கண் அளவுதான். மறுபடி பக்கெட்டில் போட்டார். இந்த முறை விளக்கு அணைந்தது.

அடுத்த நாள் மாமியார் வீட்டில், சகலையை வைத்துக்கொண்டே, தண்ணீர் உள்ளே போய்விட்டதென்று காட்டினார். சகலையின் முகம் விழுந்துவிட்டது. நல்லவேளை அண்ணன் பார்த்தார், மலையில் அத்தையின் நெற்றியில் அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் விளக்கையும் தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டப் போனார்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாஷரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஞ்சிருந்தா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும் மாப்பிள்ளை. இது பிளேடு" என்றார், குரலை உயர்த்தாமல்.

கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. மறுக்கவில்லை. "என்னை ஏன் அத்தை கேக்கல?" என்று மட்டும் கேட்டார்.

"தோணல" என்றார் மாமியார். "மலைன்னதும் அவரு ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதான். அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்றால்கூட அவர் சண்டை போட்டிருப்பார். தோன்றவே இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெருமுனையில் சகலையைப் பிடித்து, நான்தான் வெட்டினேன் என்று சொன்னார். சகலை அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்ககிட்ட விட்டிருப்பேனே அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு இரண்டு மாதம், கடைக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

கடைக்காரர் புது வாஷர் வாங்கி, தானே பொருத்தி, மூன்று தடவை தண்ணீரில் முக்கிப் பார்த்து மாமியாரிடம் கொடுத்தார். ஒருநாள் கொட்டுகிற மழையில், பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தவருக்கு அந்த வெளிச்சத்தில்தான் மாமியார் கட்டுப் போட்டார். விளக்கு அணையவே இல்லை என்று சின்ன மாப்பிள்ளைக்குத்தான் முதலில் போன் செய்தாராம். அதைக் கேட்டதும் கடைக்காரருக்கு மறுபடி சுருக்கென்றது.

மழை ஓய்ந்தபின் ஒருநாள் சகலை கடைக்கு வந்தார். புதுவீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும், வயரிங் வேலையை அண்ணன்தான் பார்க்க வேண்டும் என்றும் எங்கோ பார்த்தபடி சொன்னார். கடைக்காரர் மறுநாளே போனார். தன் வீட்டைவிட ஓர் அறை கூடுதல் என்பது உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்டது. ஜன்னல்களும் பெரியவை. பெருமூச்சு ஒன்றை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணாமல் பொருத்த ஆரம்பித்தார்.